வள்ளத்துக்கு ஃபைபர் போர்த்திய தம்பிக்கு



விறகுக்குப் போகவிருந்த பழைய மீன்பிடி வள்ளம் ஒன்றை வாங்கி, வீட்டுக் கொல்லையில் ஏற்றி நிறுத்தி, விடுமுறை நாட்களையெல்லாம் அதற்கே கொடுத்துச் செப்பனிட்டதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. உளி பிடிக்கவும் பலகை இழைக்கவும் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதெல்லாம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்பது கட்டுரையின் பாதியிலேயே தெரிகிறது. என்னை உறுத்துபவை இரண்டு. காய்ந்து பிளந்திருந்த பலகைப் பொருத்துகளில் பட்டியும் ரெசினும் திணித்து, வெளிப்புறம் முழுக்க மூன்று அடுக்கு ஃபைபர் மேட் போர்த்தியிருக்கிறீர்கள். அதற்கும் முன்னால், எதையும் குறித்துவைக்காமல் கிரைண்டரை எடுத்துப் பழைய வண்ணத்தையும் ஒட்டுகளையும் தேய்த்துத் தள்ளியிருக்கிறீர்கள். ‘இனி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது’ என்று பெருமையோடு முடிக்கிறீர்கள். அந்த ஒரு வரிதான் என்னை இவ்வளவு நீளமாக எழுதவைக்கிறது.

மர வள்ளத்தில் தண்ணீரை வெளியே நிறுத்துவது பூச்சு இல்லை, தம்பி; பலகைதான். கடலில் இறங்கியதும் பலகை தண்ணீரைக் குடிக்கிறது, குடித்து உப்புகிறது, உப்பிப் பக்கத்துப் பலகையை நெருக்குகிறது. நடுவில் அடைத்திருக்கும் கலப்பத்துத் தும்பு அந்த நெருக்கத்தில் இறுகி வழியை அடைத்துக்கொள்கிறது. மரத்தின் செல் சுவர்கள் பிடித்துவைக்கக்கூடிய ஈரம், மரத்தின் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 25 முதல் 30 சதவீதம். அந்த எல்லைக்குள் ஈரம் ஏறினால் மரம் விரியும், இறங்கினால் சுருங்கும். எல்லையைத் தாண்டி எவ்வளவு குடித்தாலும் அளவு மாறாது. விரிவதும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் நடப்பதில்லை. நீளவாக்கில் மாற்றம் அநேகமாக இல்லை. நடுவயிரத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் கொஞ்சம். வளையங்களை ஒட்டிச் செல்லும் திசையில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு சாண் அகலப் பலகை கடலை விட்டு ஏறிக் கத்திரி வெயிலில் 12 சதவீத ஈரத்துக்கு வந்துவிட்டால், மரத்தின் இனத்தையும் அறுத்த விதத்தையும் பொறுத்து 4 முதல் 8 மில்லிமீட்டர் வரை ஒடுங்கிவிடும். ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு நிலைக்குள் இறுகிக்கொள்வதும் பங்குனியில் தானாக விடுபடுவதும் இதே கணக்குதான். கொல்லையில் நீங்கள் பார்த்துப் பதறிய இடைவெளி சேதமில்லை. கரையில் கிடந்து காய்ந்த வள்ளம் அப்படித்தான் இருக்கும்.

அந்த இடைவெளியைத்தான் நீங்கள் கல்லாக இறுகும் பட்டியால் நிரப்பியிருக்கிறீர்கள். இனிமேல் நடக்கப்போவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு எட்டு வரிசைப் பலகை, பலகைக்கு 5 மில்லிமீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். அடிமரமான ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை 40 மில்லிமீட்டர் விரிவு வந்தாக வேண்டும். தும்பு அடைத்த பொருத்தில் அந்த விரிவுக்கு இடம் இருந்தது. தும்பு நசுங்கும், அதுதான் அதன் வேலை. பட்டி நசுங்காது. நனைந்து விரியும் மரத்தின் தள்ளுவிசை சாதாரணமானதில்லை. காய்ந்த மர ஆப்பைப் பாறைத் துளையில் அடித்து, நனையவைத்துப் பாறையைப் பிளந்திருக்கிறார்கள். அந்த விசை உங்கள் வள்ளத்தில் எங்கே போகும்? ஆணி திடமாக இருந்தால், பலகைகளைத் தாங்கும் விலாவான வங்கு வெடிக்கும். ஆணி துருவேறியிருந்தால் ஆணி அறும். உங்கள் வள்ளத்தில் இருப்பது இரும்பு ஆணி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரும்பு துருவாக மாறும்போது அது இருந்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். சுற்றியுள்ள மரம் கறுத்து, இளகி, பிடிப்பை விட்டுவிடும். ஆக, முதலில் தோற்பது ஆணிதான். பலகை வங்கை விட்டுப் பிரிந்து வெளியே புடைக்கும். அது ஃபைபர் போர்வைக்குள் நடப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

போர்வை போட்ட பிறகு பலகை நனையவே நனையாதே என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் கட்டுரையின் அடிப்படையே அந்த நம்பிக்கைதான். ஆனால் நீங்கள் போர்த்தியது வெளிப்புறம் மட்டும். உள்ளே மழை பெய்யும், அலை தெறிக்கும், ஈர வலை கிடக்கும், அடித்தளத்தில் எப்போதும் ஒரு குடம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரை மரம் உள்பக்கமாகக் குடிக்கும். வெளிப்பக்கமாக விடுவதற்கு வழி இல்லை. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரம் 20 சதவீதத்துக்கு மேலே இருந்தால் போதும், கொஞ்சம் காற்றும் வேண்டும். இரண்டையும் சேர்த்தே நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். அதிலும் அது மழைத் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரில் அந்தப் பூஞ்சைகள் தழைப்பதில்லை. மர வள்ளம் பெரும்பாலும் மேலேயிருந்து, மழை தேங்கும் இடத்திலிருந்துதான் உளுக்கும். கடல் தொடும் இடத்தில் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய மரக் கப்பல்களைக் கட்டியவர்கள் வங்குகளுக்கு நடுவே கல்லுப்பைக் கொட்டி நிரப்பியதற்குக் காரணம் இதுவே. நீங்களோ உப்புத் தண்ணீர் உள்ளே வராமல் அடைத்துவிட்டு, நல்ல தண்ணீர் வெளியே போகாமலும் அடைத்திருக்கிறீர்கள். பாலியெஸ்டர் ரெசினுக்கு மரத்தின் மேல் பிடிப்பும் குறைவு. மரம் அசையும், போர்வை அசையாது. சில பருவங்களில் இரண்டும் பிரிந்து, நடுவில் தண்ணீர் தங்கும் பை உருவாகும்.

அசைவுக்கு இடம் கொடுப்பதுதான் இந்தக் கரையில் படகு கட்டியவர்களின் அடிப்படைக் கொள்கை. சென்னையில் செயற்கைத் துறைமுகம் எழும்வரை கப்பலிலிருந்து மனிதரையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். அவற்றில் ஆணி கிடையாது, வங்கு கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகுகள் கரை அலையில் மோதி உடைந்தபோது, இவை மணலில் மோதும்போது வளைந்து கொடுத்துத் தப்பின. அது கரையோரச் சிறு படகுக்கு மட்டும் பொருந்தும் வித்தை என்று தள்ளிவிட முடியாது. 1980 நவம்பரில் ஓமனிலிருந்து புறப்பட்ட ‘சோஹார்’ என்ற பாய்மரக் கப்பல் 1981 ஜூலையில் சீனாவின் குவாங்சோவைச் சேர்ந்தது. டிம் செவெரின் பழைய அரபு முறையில் கட்டுவித்த அந்தக் கப்பலின் பலகை மலபாரிலிருந்து போன ஆயினி மரம்; தைத்தது தென்னங்கயிற்றால்; தைத்தவர்களில் லட்சத்தீவுக்காரர்களும் இருந்தார்கள். உங்கள் வள்ளம் தைத்ததில்லை, ஆணி அடித்தது, எனக்குத் தெரியும். ஆனால் ஆணிக்கு மாறிய ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர், தும்பைக் கைவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். வங்கு நிற்கட்டும், பலகை அசையட்டும், நடுவில் தும்பு ஈடுகொடுக்கட்டும் என்று அவர் வகுத்துவைத்த ஏற்பாட்டை, இறுகிய ஒரே ஓடாக நீங்கள் மாற்றிவிட்டீர்கள்.

மீனவர்களே மரப்படகுக்கு ஃபைபர் போர்த்துகிறார்களே என்ற கேள்வி நியாயமானது. போர்த்துகிறார்கள். 1957 முதல் கொச்சியில் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மரப்படகுக்கு அலுமினியத் தகடும் ஃபைபர் போர்வையும் போடும் முறைகளை ஆராய்ந்தே பரிந்துரைத்தது. ஆனால் அந்தப் பரிந்துரையின் காரணம் ஒழுக்கு அல்ல, கப்பல் புழு. மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் அந்தச் சிப்பி இன உயிர், காப்பில்லாத பலகையைச் சில பருவங்களில் சல்லடையாக்கிவிடும். தொழில் செய்யும் படகின் கணக்கு வேறு. நன்றாக உலர்த்திய புதுப் பலகைக்குத் தொடக்கத்திலேயே போர்வை போட்டு, நாள்தோறும் கடலில் ஓட்டி, கடனும் வட்டியும் அடையும்வரை உழைப்பு வாங்கிவிட்டுக் கழித்துவிடுவார்கள். மீனவர் அந்தப் படகைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருப்பதில்லை. நீங்கள் எழுதியிருப்பதோ, இந்த வள்ளம் உங்கள் காலத்துக்குப் பிறகும் இருக்க வேண்டும் என்று. நோக்கம் மாறினால் வழியும் மாற வேண்டும். மேலும், கொல்லையில் நிற்கும் வள்ளத்தைக் கப்பல் புழு தொடாது. உள்ளே இருந்ததும் காய்ந்த உடனேயே செத்திருக்கும். இல்லாத எதிரிக்காக நீங்கள் போட்ட கவசம் இது.

வெளிநாட்டில் வீட்டுக் கொட்டகையில் படகு கட்டுகிறவர்கள் எபாக்சியும் கண்ணாடித் துணியும் போட்டு முப்பது, நாற்பது ஆண்டுகள் வைத்திருக்கிறார்களே என்பது அடுத்த கேள்வி. அவர்கள் செய்வதை நான் குறை சொல்லவில்லை. மெல்லிய மரச் சட்டங்களை ஒன்றோடொன்று பசையிட்டு, மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்கும்போதே உள்ளும் புறமும் எபாக்சியால் மூடிவிடுகிறார்கள். அங்கே மரம் ஈரத்தையே பார்ப்பதில்லை, அதனால் அசைவதும் இல்லை. அந்தப் படகு பிறக்கும்போதே ஒரே ஓடு. பல பத்தாண்டுகள் உப்புநீரும் மீனெண்ணெயும் குடித்த, ஆணித்துளை நிறைந்த, அகலப் பலகை வள்ளத்தை அந்த நிலைக்குக் கொண்டுவரவே முடியாது. எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் நம்பும்படி ஒட்டாது.

கடைசியாக ஒரு வாதம் வரலாம்: இந்த வள்ளம் இனிக் கடலுக்குப் போகப்போவதில்லை, பார்வைக்கு நிற்கப்போகிறது, அதற்கு எதற்கு இத்தனை பேச்சு என்று. பார்வைக்கு மட்டும் என்றால் ஃபைபருக்கே வேலை இல்லை. வெயிலும் மழையும் படாத ஓலைப் பந்தலும், காற்று புகும் அடிப்பகுதியும் போதும். ஆனால் தரையில் நிற்கும் வள்ளத்துக்கு வேறொரு துன்பம் உண்டு. அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. கடல், வள்ளத்தின் வயிறு முழுவதையும் சமமாகத் தாங்குகிறது. நீங்கள் வைத்த இரண்டு கட்டைகள் இரண்டே இடத்தில் தாங்குகின்றன. 1922 முதல் போர்ட்ஸ்மவுத் உலர்துறையில் நிற்கும் ‘விக்டரி’ என்ற பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல் தன் எடையாலேயே உருக்குலையத் தொடங்கியதால், அதற்கு 134 புதிய தாங்குகால்கள் கொடுக்க வேண்டிவந்தது. சுவீடனின் ‘வாசா’ 1628இல் மூழ்கி 1961இல் மேலே வந்தது. மேலே கொண்டுவந்தவர்கள் அதை வெயிலில் காயவிடவில்லை. மரத்துக்குள் நீரின் இடத்தைப் பிடிக்கக்கூடிய பாலிஎதிலீன் கிளைக்கால் கரைசலை 1962 முதல் 1979 வரை தெளித்துக்கொண்டே இருந்தார்கள். அத்தனை பொறுமைக்குப் பிறகும், துருப்பிடித்த இரும்பால் தொல்லை வந்து, 5000க்கும் மேற்பட்ட போல்ட்டுகளை மாற்ற நேர்ந்தது. உங்கள் 28 அடி வள்ளத்துக்கு வாசாவின் மருத்துவம் தேவையில்லைதான். மெதுவாகக் காயவிடு, சமமாகத் தாங்கு, இரும்பைச் சந்தேகப்படு என்ற மூன்றும் சிறியதற்கும் பெரியதற்கும் ஒன்றே.

இவ்வளவு கடுமையாக எழுதுவதற்குக் காரணம், நீங்கள் பின்முனையின், அமரப்பக்க வங்கை மாற்றிய பகுதி. தம்பி, அதைப் படித்தபோது மனம் நிறைந்துபோனது. உளுத்த வங்கின் வளைவை அட்டையில் வெட்டி எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, அதே வளைவில் இயற்கையாக வளர்ந்த நாட்டுக் கருவேலக் கிளையைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். நேர்க் கட்டையை வளைவாக அறுத்திருந்தால் வேலை ஒரு மாலையில் முடிந்திருக்கும். ஆனால் அப்படி அறுத்த வங்கில் நார் குறுக்கே வெட்டுப்படும். முதல் அடியிலேயே அந்த இடத்தில் முறியும். வளைவோடு வளைவாக நார் ஓடும் கிளைதான் வங்குக்கு ஏற்றது என்பதைப் புத்தகம் சொல்லாமல், ஆசான் சொல்லாமல், உளுத்த துண்டைப் பிளந்து பார்த்து நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள். பல ஆண்டுகள் ஓடாவியின் பக்கத்தில் நின்று பழகியவருக்கு வரும் கண் அது. இந்த வேலையில் அதைவிட உயர்ந்த ஒன்றை நான் யாரிடமும் எதிர்பார்க்கமாட்டேன். மரத்தின் போக்கை இவ்வளவு நுட்பமாகக் கேட்டறிந்த அதே கை எப்படி மறுவாரமே ரெசின் வாளியைத் தூக்கியது என்பதுதான் எனக்குத் தாளவில்லை.

இரண்டாவது உறுத்தலுக்கு வருகிறேன். இதில் நான் பிடிவாதக்காரன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வள்ளங்களுக்கு வரைபடம் கிடையாது. ஓடாவியின் கண்ணிலும் சாண் முழக் கணக்கிலும்தான் உருவம் இருந்தது. ஆகவே ஒவ்வொரு வள்ளத்துக்கும் அதன் உடல்தான் ஒரே ஆவணம். எந்த இடத்தில் எத்தனை முறை ஒட்டுப் போட்டார்கள், மோட்டார் வைக்க அமரத்தை எங்கே வெட்டினார்கள், பாய்மரம் நின்ற குழி எப்போது மூடப்பட்டது, அடியில் முதலில் பூசியது என்ன வண்ணம் என்பதெல்லாம் அந்தப் பலகையில் எழுதியிருந்தது. கிரைண்டர் போட்டு இரண்டு நாளில் அழித்துவிட்டீர்கள். பிரெஞ்சுக் கடற்படைக்காரர் எட்மோன் பாரி 1840களில் வெளியிட்ட பெருந்தொகுப்பில் சோழமண்டலக் கரைப் படகுகளை அளவெடுத்து வரைந்து வைத்தார். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய தன் ஆய்வை வங்காள ஆசியக் கழகத்தின் வழியே வெளியிட்டார். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால், நம் முன்னோரின் பல படகுகள் எப்படி இருந்தன என்று நமக்கே தெரியாது. அளவுநாடாவும் நோட்டும் வைத்திருந்த வெளியூர்க்காரர்கள் செய்ததை, வள்ளத்தோடு பிறந்து வளர்ந்த நாம் செய்யவில்லை. உங்கள் தலைமுறையாவது செய்ய வேண்டாமா? இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணத்தை, அதுவும் படகு வண்ணத்தை, கிரைண்டரால் தூளாக்கிக் கொல்லை முழுவதும் பரப்பியிருக்கிறீர்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த மேல்மண்ணை அகற்றுங்கள். இனி நனைத்துச் சுரண்டுங்கள், முகமூடி இல்லாமல் தொடாதீர்கள்.

வள்ளத்தின் உடல் என்ற ஆவணம் ஏன் இவ்வளவு அருமையானது என்றால், உங்களுடையதைப் போன்ற மன்னார் வளைகுடா வள்ளம் ஒரு தனி உலகம். பவளத் திட்டுகள் நிறைந்த ஆழமற்ற கடல், வடக்கே வாடை, மேற்கே கச்சான், நடுவில் சங்கும் முத்தும் கிடக்கும் பார்கள். அந்தக் கடலின் தேவைக்கு ஏற்றபடி உருவானது அந்த அடிவயிறு. தூத்துக்குடி முத்துக்குளிப்பின் காலத்தில் முக்குளிப்போரைப் பாருக்குக் கொண்டுபோனவை பாய்விரித்த வள்ளங்கள்தான்; 1961உடன் அந்தப் பெருங்குளிப்பு நின்றுபோனது. கடலுக்கு அந்தப் பக்கம் வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்மரக் கப்பல், தமிழ் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைத் தொட்டது. அந்தக் கைகளின் உறவினர்தான் உங்கள் வள்ளத்தைக் கட்டிய கைகளும். 1950களில் விசைப்படகு வந்தது, பிறகு வள்ளத்துக்கே மோட்டார் வந்தது, பாய் போனது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் கரை முழுவதும் வந்து இறங்கின. கட்டுமரமும் மர வள்ளமும் சில ஆண்டுகளிலேயே ஓரங்கட்டப்பட்டன. ஃபைபர் படகு எடை குறைவு, ஒழுகாது, பராமரிப்பு எளிது. மீனவர் அதைத் தேர்ந்தது சரியான முடிவு, அதில் எனக்குக் குறையே இல்லை. அதனால்தான் மிஞ்சிய மர வள்ளத்தை ஃபைபர் படகாக மாற்றுவது வீண் என்கிறேன். ஃபைபர் படகு வேண்டுமென்றால் கரையில் எத்தனையோ கிடைக்கும்.

பழைய முறைக்குப் பொருளும் ஆளும் எங்கே கிடைக்கும் என்று நீங்கள் ஒரு பத்தி முழுக்க அங்கலாய்த்திருக்கிறீர்கள். குங்கிலியம் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. தும்புக்குத் தென்னை இருக்கும் ஊரில் பஞ்சமில்லை. பழைய வீடுகளை இடிக்கும் இடத்தில் நூறாண்டு காய்ந்த உத்தரமும் பலகையும் வருகின்றன. புது மரத்தைவிட அவை நம்பகமானவை. முந்திரிக்கொட்டை எண்ணெய் இன்னும் பீப்பாயில் விற்கிறது. தோலில் பட்டால் வெந்துவிடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஓடாவிகள் திரேஸ்புரத்தில் இருக்கிறார்கள், கடலூரில் இருக்கிறார்கள், காசிமேட்டில் இருக்கிறார்கள். கட்டுரையில் ‘ஒரு வயதான தச்சர் வந்து யோசனை சொன்னார்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். ரெசின் நிறுவனத்தின் பெயர் மூன்று முறை வருகிறது. அந்த மனிதரின் பெயர் ஒருமுறைகூட வரவில்லை. அவர் என்ன யோசனை சொன்னார் என்பதும் இல்லை. தும்பு அடிக்கச் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. போர்வை போட்டு ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்லது. வெப்பக்காற்றுக் கருவியால் சூடாக்கி ஃபைபர் மேட்டைக் கீழிருந்து மேலாக உரியுங்கள். ஒட்டிய இடத்தில் மரச்செதில் பெயர்ந்து வரும், அவசரப்படாதீர்கள். பொருத்துகளிலுள்ள பட்டியைக் குறுகிய கொக்கி உளியால் சுரண்டி எடுங்கள். பலகையின் விளிம்பில் காயம் படக்கூடாது, தும்பு பிடிப்பதே அந்த விளிம்பைத்தான். துருவேறிய ஆணிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக மாற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கினால் வள்ளம் வடிவத்தை இழக்கும். செம்பும் இரும்பும் ஒரே பலகையில் கலக்க வேண்டாம். உப்பு ஈரத்தில் இரும்பு விரைந்து அரிபடும், மரமும் கெடும். பந்தல் போட்டு, வங்குக்கு வங்கு அடியில் தாங்குகட்டை கொடுத்து, உள்ளே சாக்கு விரித்து, கடல்நீர் ஊற்றி நனைத்துக்கொண்டே இருங்கள். பலகை மெதுவாக விரியும், சில வாரமாகும். பாதி மூடிய நிலையில் தும்பைக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய கூழில் தோய்த்து அடியுங்கள், முழு பலத்தோடு இறுக்காமல். பிறகு ஓதத்தில் ஆழமில்லாத இடத்தில் கட்டி, மேல்விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிச் சில நாள் விட்டுவிடுங்கள். முதலில் ஒழுகும். ஒழுகட்டும். இறைத்துக்கொண்டே இருந்தால் நாளுக்கு நாள் குறையும்.

இவற்றையெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. வள்ளத்தின் மேல் நடுவில் முன்முனையான அணியத்திலிருந்து அமரம் வரை ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள், ரசமட்டம் வைத்துச் சரிபாருங்கள். ஒவ்வொரு வங்கிலும் அந்த நூலிலிருந்து பலகைவரை உள்ள தூரத்தையும் ஆழத்தையும் தூக்குக்குண்டு விட்டு அளந்து எழுதுங்கள். பலகையின் கனம், ஆணியின் இடைவெளி, வங்கின் மரம், பாய்மரக் குழியின் தடம், மிஞ்சியிருக்கும் வண்ணம் எல்லாவற்றையும் குறியுங்கள். அந்த வயதான ஓடாவியை மறுபடி வரவழைத்து, ஒவ்வொரு உறுப்புக்கும் அவர் சொல்லும் பெயரை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கட்டுரையில் அந்த அளவுகளையும் அவருடைய பெயரையும் போடுங்கள். அதைப் படிக்கக் காத்திருக்கிறேன்.